சித்தியின் லென்ஸ் தண்ணீர்

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது எங்கள் தெருவிலேயே ஸ்லைம் செய்யத் தெரியாத பிள்ளை நான் ஒருத்திதான். மற்ற பிள்ளைகள் அந்த இழுவைப் பசையைச் சின்னச் சின்ன டப்பாவில் ஊதாவும் பச்சையுமாகப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவந்து, டீச்சர் திரும்பும் நேரம் பார்த்து இழுத்து இழுத்துக் காட்டுவார்கள். நான் செய்தால் மட்டும் கஞ்சியாகிவிடும். வெள்ளைக் கோந்தில் ஆப்பசோடா போட்டேன், சோப்புத்தூள் போட்டேன், அப்பாவின் ஷேவிங் கிரீமைக்கூடத் திருடிப் போட்டேன். கையில் ஒட்டியதே தவிர இழுபடவில்லை. தம்பிக்கு அப்போது ஆறு வயது. ஒவ்வொரு முறையும் கிண்ணத்தை எட்டிப் பார்த்து, "அக்கா, இது வடாம் மாவு மாதிரி இருக்கு" என்று சொல்லி மானத்தை வாங்குவான்.

அந்த வருஷம் சித்தி எங்கள் வீட்டில் தங்கியிருந்தாள். அம்மாவின் தங்கை. மதுரையில் வேலை கிடைத்து வந்தவள், எங்கள் அறையில் மூன்றாவது பாயைப் போட்டுக்கொண்டாள். சித்திக்குச் சோடாபுட்டிக் கண்ணாடி. கழற்றினால் எதிரே நிற்பது நானா தம்பியா என்று தெரியாது. வீட்டில் பெரிய பேச்சே அந்தக் கண்ணாடிதான். பெண் பார்க்க வரும்போது மட்டும் அது வேண்டாம் என்று தரகர் சொல்லிவிட்டார். அதற்காக அம்மாவே கூட்டிப்போய்க் கண்ணுக்குள் போடும் காண்டாக்ட் லென்ஸ் வாங்கிக் கொடுத்தாள். அது சித்திக்கு ஒத்துக்கொள்ளவே இல்லை. போட்ட கால் மணி நேரத்தில் கண் சிவந்து பொலபொலவென்று நீர் கொட்டும். முதலில் பார்க்க வந்தவர்கள், பெண்ணைக் கட்டாயப்படுத்துகிறீர்களா என்று அம்மாவைத் தனியே கூப்பிட்டுக் கேட்டார்கள். இரண்டாவதாக வந்தவர்கள் கேட்கக்கூட இல்லை, போனவர்கள் போனவர்கள்தான்.

மூன்றாவதாக, சோழவந்தானிலிருந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை வருவதாக இருந்தது. வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கும் குடும்பம், மாப்பிள்ளைக்கு பேங்கில் வேலை. இந்த இடமாவது அமைந்துவிட வேண்டும் என்று அம்மாவுக்கு ஒரே தவிப்பு. முந்தின நாள் சாயங்காலம் மாட்டுத்தாவணிக்குப் பூ வாங்கக் கிளம்பியவள் வாசலில் நின்று, "நாளைக்கு ஒரு அரை மணி நேரம் கண்ணக் கசக்காம இருந்துருடி, உனக்குப் புண்ணியமாப் போகும்" என்று சித்தியிடம் சொல்லிவிட்டுப் போனாள். சித்தி மறுநாள் கட்டவேண்டிய புடவையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

நானும் தம்பியும் சித்தியின் போனில் ஸ்லைம் வீடியோ பார்த்துக்கொண்டிருந்தோம். அதில் ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை ஏதோ ஒரு பாட்டிலைக் காட்டிச் சொட்டுச் சொட்டாக விட, கோந்து சுருண்டு திரண்டு வந்தது.

"சித்தி, காண்டாக்ட் சொல்யூஷன்னா என்ன?"

சித்தி இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள்.

"லென்ஸ் ஊறப் போடுற தண்ணிடி. பீரோவுல நீலப் பாட்டில்ல இருக்கு, எடுத்துட்டு வா."

எனக்கு நம்பவே முடியவில்லை. அந்தப் பாட்டிலைத் தொட்டால் கையை ஒடித்துவிடுவேன் என்று அம்மா சொல்லிவைத்திருந்தாள். எடுத்து வந்தேன். சித்தியும் நைட்டிக் கையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு எங்களோடு தரையில் உட்கார்ந்தாள். கோந்து, ஒரு சிட்டிகை ஆப்பசோடா, கலருக்குச் சொட்டு நீலம், மேலே அந்தத் தண்ணீர். மூன்று பேரும் மாற்றி மாற்றிப் பிசைந்தோம். அடேயப்பா, திரண்டது. இழுத்தால் முழம் முழமாக வந்தது. "இன்னுங் கொஞ்சம் பெருசாப் பண்ணுவோமா?" என்று சித்திதான் கேட்டாள். பண்ணிப் பண்ணிப் பாட்டில் காலியானது.

"இம்புட்டுதான் சித்தி, தீந்துபோச்சு" என்றேன்.

"லென்ஸ் டப்பாவுல கொஞ்சம் இருக்கும். அதையும் ஊத்திக்கங்க."

தம்பி ஓடிப்போய் எடுத்து வந்து, இரண்டு மூடியையும் திருகித் திறந்து கிண்ணத்தில் அப்படியே கவிழ்த்தான். சித்தி பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். பிறகு அவளே வாங்கி நன்றாகப் பிசைந்து கொடுத்தாள். அன்றைக்குச் சித்தி சிரித்ததுபோல் அந்த வருஷத்தில் நான் பார்த்ததே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மா அந்த டப்பாவைத் திறந்தாள். இரண்டு குழியும் காய்ந்து கிடந்தன. வீடு இரண்டுபட்டது. அப்போதுதான் எனக்கு உறைத்தது, லென்ஸ் இரண்டும் அந்தத் தண்ணீருக்குள்தான் கிடந்திருக்கின்றன. பாத்ரூமுக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு, ஸ்லைமைப் பிய்த்துப் பிய்த்துப் பார்த்தேன். ஒன்று கிடைத்தது, பாதி கிழிந்து, நீலம் ஏறி. இன்னொன்று கிடைக்கவே இல்லை.

அதற்குள் வாசலில் கார் வந்து நின்றுவிட்டது. சித்தி கண்ணாடியோடுதான் காபித் தட்டை எடுத்து வந்தாள். கண் சிவக்கவில்லை, நீர் வடியவில்லை. எல்லோர் முகத்தையும் நிதானமாகப் பார்த்தாள், மாப்பிள்ளை முகத்தையும். மாப்பிள்ளையின் அம்மா கேசரிக் கிண்ணத்தைக் கீழே வைத்தார். "பொண்ணு கண்ணாடி போடும்னு தரகர் சொல்லலையே" என்றார்.

அம்மா வாயைத் திறப்பதற்குள் நான் எழுந்து நின்றுவிட்டேன். "சித்திக்கு லென்ஸ் இருந்துச்சு. நாங்கதான் ஸ்லைம்ல ஊத்திட்டோம். சித்தி மேல தப்பில்ல" என்று சொல்லி அழுதேன். சித்தியைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு, அம்மா இத்தனை நாள் மூடி மறைத்ததை எல்லோர் முன்னாலும் போட்டு உடைத்தேன். கொண்டுவந்த வெற்றிலைக் கட்டை வைத்துவிட்டு, பிறகு சொல்லி அனுப்புகிறோம் என்று அவர்கள் கிளம்பினார்கள். சொல்லி அனுப்பவில்லை.

அம்மா மூன்று நாள் என்னோடு பேசவில்லை. சித்தி அன்று சாயங்காலமே என்னை மொட்டைமாடிக்குக் கூட்டிப்போய்ப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டாள்.

"என்னாலதான சித்தி உனக்குக் கல்யாணம் நடக்கல?"

"நீ ஒண்ணும் பண்ணலடி. டப்பாவுல என்ன கெடக்குன்னு எனக்குத் தெரியாதா? தெரிஞ்சுதான் ஊத்தச் சொன்னேன். என்னையப் பாக்க வாரவங்கள நானும் பாக்க வேணாமா?"

பழியைத் தன்மேல் போட்டுக்கொள்கிறாள் என்று நினைத்தேன். நான் தம்ளரை உடைத்தால், பூனை தட்டிவிட்டிருக்கும் என்று அம்மாவிடம் சொல்கிறவள்தானே. இவ்வளவு நல்லவளுக்கு இப்படிச் செய்துவிட்டோமே என்று இன்னும் அதிகமாக அழுதேன்.

அழுதுகொண்டே, அழகர்கோவில் இருக்கும் திசையை உத்தேசமாகப் பார்த்து மனதுக்குள் ஒரு வேண்டுதல் வைத்தேன். சித்திக்குக் கல்யாணம் ஆகும்வரை ஸ்லைமைக் கையால் தொடமாட்டேன். சாமிக்கு விட்டுக்கொடுக்க அதைவிடப் பெரிதாக என்னிடம் எதுவும் இல்லை.

அடுத்த சனிக்கிழமை சித்தி வேலை முடிந்து வரும்போது பெரிய கோந்து பாட்டில், ஜிகினாத்தூள், இதற்கென்றே அந்தத் தண்ணீர் ஒரு பாட்டில் எல்லாம் வாங்கி வந்தாள். "வாங்க, இன்னைக்கு எம்புட்டுப் பெருசா வருதுன்னு பாப்போம்" என்றாள். தம்பி குதித்துக்கொண்டு ஓடினான்.

"எனக்கு வேணாம் சித்தி."

"ஏண்டி?"

"பிடிக்கல."

வேண்டுதலை வெளியே சொன்னால் பலிக்காது. அதனால் வேறு எதுவும் சொல்லவில்லை. அடுத்த வாரமும் கேட்டாள், அதற்கடுத்த வாரமும் கேட்டாள். அந்த மூன்றாவது தடவை என் பக்கத்தில் வந்து குனிந்து, "சித்தி மேல கோவமாடி?" என்றாள். இல்லை என்று தலையாட்டிவிட்டு வாய்ப்பாட்டைப் பிரித்து வைத்துக்கொண்டேன். சித்தி கோந்து பாட்டிலைக் கையில் வைத்தபடி கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள். முகம் வாடிப்போயிருந்தது. பாவம், கல்யாணம் ஆகவில்லையே என்ற கவலை என்று நினைத்து, முன்னைவிடக் கெட்டியாக வேண்டிக்கொண்டேன்.