எவனோ இடிச்சிட்டுப் போய்ட்டான்

எங்கள் அப்பாவுக்குப் பொய் சொல்ல வராது. அலுவலகத்துக்கு லீவு போட வேண்டுமென்றால்கூட, உண்மையிலேயே காய்ச்சல் வரட்டும் என்று காத்திருக்கிற ஆள். அப்படிப்பட்டவர் வாழ்நாளில் உருப்படியாகச் சொன்ன பொய் ஒன்றே ஒன்றுதான். அதையும் அம்மாவுக்காகத்தான் சொன்னார்.

அப்போது நான் மூன்றாம் வகுப்பு. தல்லாகுளத்தில் வாடகை வீடு. அப்பாவுக்கு அலுவலகம் நடக்கிற தூரம்தான், ஆனாலும் ஸ்கூட்டரில் போவார். பாடெல்லாம் அம்மாவுக்கு. கொட்டாம்பட்டிக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் அவள் டீச்சர். விடிந்தும் விடியாமலும் டவுன் பஸ் பிடித்து மாட்டுத்தாவணி, அங்கிருந்து கொட்டாம்பட்டி வண்டி, இறங்கியதும் ஷேர் ஆட்டோ. சாயங்காலம் இதையே திருப்பிப் போட்டு வருவாள். வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் சுவரில் சாய்ந்து நிற்பாள். "உக்காரேன்" என்று அப்பா சொன்னால், "பஸ்ஸுல நின்ன காலு, உக்காரச் சொன்னா கேக்க மாட்டேங்குது" என்பாள்.

இதைப் பார்த்துப் பார்த்துத்தான் அப்பா அந்தக் காரை வாங்கினார். ஒரு டாக்டர் வைத்திருந்து கைமாற்றிய வெள்ளைக் கார். "நீயே ஓட்டிட்டுப் போ, நீயே ஓட்டிட்டு வா" என்று அம்மாவை டிரைவிங் ஸ்கூலில் சேர்த்துவிட்டதும் அவர்தான். லைசென்ஸ் வந்த அன்று தெரு முழுக்க அல்வா கொடுத்தார். பக்கத்து வீட்டுக்காரர் விசாரித்தபோது, "நம்ம வீட்டுல டிரைவர் டீச்சரம்மாதாண்ணே, நான் சும்மா பக்கத்துல உக்காந்து காத்து வாங்குற ஆளு" என்றார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் இருந்தது பெருமைதான். அதில் எனக்கு இன்றுவரை சந்தேகமில்லை.

இதே சேதி உசிலம்பட்டியில் இருந்த பெரியப்பாவுக்குப் போனபோது வேறு மாதிரி திரும்பி வந்தது. பெரியப்பா எதற்கும் ஒரு வார்த்தை வைத்திருப்பார். போனில் அவர் பேசினால் ஸ்பீக்கர் போடாமலே அடுத்த அறைக்குக் கேட்கும்.

"ஏப்பா தம்பி, அவ டிரைவராமே. அப்ப நீ என்ன, கிளீனரா?"

அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். போனை வைத்துவிட்டுத் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். வெயில் காலம், எல்லோருக்கும் வேர்க்கத்தானே செய்யும் என்று நினைத்துக்கொண்டேன்.

பெரியப்பா பேரனுக்குக் காதுகுத்து வந்தது. உசிலம்பட்டியில் மண்டபம். ஞாயிற்றுக்கிழமை அம்மா அங்கே வரைக்கும் ஓட்டிப் பார்ப்பது, எல்லாம் சரியாக வந்தால் மறுநாளிலிருந்து பள்ளிக்கூடத்துக்குக் காரிலேயே போவது என்று வீட்டில் பேச்சு. முந்தின நாள் அம்மா பஸ் பாஸை மேசை டிராயரின் அடியில் போட்டுவிட்டு, "இதுக்கு இனி ஓய்வு" என்றாள்.

அந்தப் பயணம் எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது. கோரிப்பாளையம் நெரிசலில் அம்மா ஸ்டியரிங்கை இறுகப் பிடித்திருந்தாள். நாகமலைப் புதுக்கோட்டை தாண்டியதும் தோள் இறங்கியது. செக்கானூரணியில் குறுக்கே வந்த ஆட்டு மந்தைக்கு நின்று, பொறுத்து, பிறகு நகர்த்தினாள். மேய்த்துக்கொண்டு போன கிழவி ஒருத்தி கண்ணாடிக்குள் குனிந்து பார்த்து, "ஆத்தீ, பொம்பளப்புள்ளயா ஓட்டுது! நல்லாருடி யம்மா" என்றாள். அதற்கப்புறம் உசிலம்பட்டி வரும்வரை அம்மா ஏதோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டே ஓட்டினாள்.

மண்டப வாசலில் அப்பா சீர்த்தட்டுகளோடு இறங்கிக்கொண்டார். பெரியப்பா வாசலில்தான் நின்றார். "பரவாயில்லையே, கொண்டாந்து சேத்துட்டாளே" என்று அப்பாவின் முதுகில் தட்டினார். அம்மாவும் நானும் வண்டியை நிறுத்தப் பின்பக்கம் போனோம். மண்டபத்துக்குப் பின்னால் கருவேல மரம் வெட்டிய பொட்டல். வேன், பைக், லோடு வண்டி, ஆட்களை ஏற்றி வந்த ஒரு டிராக்டர் என்று கன்னாபின்னாவென்று நின்றன. அம்மா பின்னால் எடுத்தாள். டிராக்டரின் டிரெய்லர் முனை ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது கண்ணாடியில் தெரியவில்லை. தகரத்தில் குடத்தைப் போட்டதுபோல் ஒரு சத்தம். அவ்வளவுதான்.

இறங்கிப் பார்த்தோம். பின் சக்கரத்துக்கு மேலே, இட்லிச் சட்டி மூடியைக் கவிழ்த்து அமுக்கிய மாதிரி ஒரு பள்ளம். அம்மா அதில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். அழவில்லை. "இடிச்சிட்டேன்டி" என்றாள், ஏதோ பரீட்சையில் ஒரு கணக்குத் தப்பாகிவிட்ட மாதிரி. திரும்ப ஏறி, முன்னால் எடுத்து, ஒடித்து, நூல் பிடித்தாற்போல வண்டியை நிறுத்திவிட்டுத்தான் உள்ளே வந்தாள்.

பந்தியில் வைத்து அப்பாவிடம் சொன்னாள். "டிரெய்லர்ல இடிச்சிட்டேங்க. பள்ளம் விழுந்திருச்சு." அப்பா அவளைப் பார்க்கவில்லை. முதலில் வலது பக்கம் பார்த்தார், பிறகு இடது பக்கம் பார்த்தார். "சரி சரி, சாப்புடு" என்றார்.

சாப்பிட்டுக் கிளம்பும்போது வழியனுப்ப ஒரு கூட்டமே கூட வந்துவிட்டது. பெரியப்பாதான் முதலில் பார்த்தார். "என்னப்பா இது?"

அம்மா வாயைத் திறந்தாள். அதற்குள் அப்பா முந்திக்கொண்டார்.

"அட, ஆமாண்ணே! எவனோ இடிச்சிட்டுப் போய்ட்டான் பாருங்க."

பிறகு அந்தப் பொட்டலில் நடந்தது ஒரு போலீஸ் விசாரணைதான். ஒரு சித்தப்பா குத்தவைத்து உட்கார்ந்து பள்ளத்தை மோந்து பார்க்காத குறையாக ஆராய்ந்துவிட்டு, "இது லோடு வண்டி பம்பர். நான் எழுதித் தாரேன்" என்றார். இன்னொருவர் மணலில் டயர்த் தடம் தேடினார். யார் யாரோ என்னென்னவோ சொன்னார்கள்.

"கண்ணப் பொடதியில வச்சு ஓட்டியிருக்கான் கட்டையில போறவன்."

"ஓட்டத் தெரியாத பயலுக்கெல்லாம் எவன் லைசென்ஸ் குடுத்தான்?"

"இடிச்சாத்தான் இடிச்சான், நின்னு ஒரு வார்த்த 'நான்தான் இடிச்சேன்'னு சொல்லியிருந்தா கொறஞ்சா போவான்? அவன்லாம் சோத்துல உப்புப் போட்டுத்தான் திங்கிறானா?"

கடைசியாகச் சொன்னவர் டிராக்டர்க்காரர். பெரியப்பாவுக்கு மாமன் முறை. தன் டிரெய்லர் மேலேயே கையை ஊன்றிக்கொண்டு நின்று, எல்லாரையும்விட உரக்க ஏசினார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அம்மாவைப் பார்த்தேன். அவள் சேலைத் தலைப்பை இழுத்துத் தோளை மூடிக்கொண்டு, ஒவ்வொரு ஏச்சும் வந்து விழுகிற பக்கமாகத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க…" என்றாள்.

"நீ ஏறும்மா" என்று அப்பா சாவிக்குக் கை நீட்டினார். "அலைச்சலா இருக்கும். நான் எடுக்குறேன்."

ஊர் எல்லை தாண்டினோம். பிறகு அம்மா, "நான்தான இடிச்சேன். சொன்னா என்ன?" என்றாள்.

"நாலு பேரு ஒன்னயப் பாத்துச் சிரிக்க நான் விட்ருவேனா?"

"சிரிச்சா சிரிச்சிட்டுப் போறாங்க."

"அது நம்ம மூணு பேருக்குள்ள இருக்கட்டும்" என்ற அப்பா, கண்ணாடியில் என்னைத் தேடிப் பிடித்தார். "என்ன பாப்பா? யாரு கேட்டாலும் மூச்சு விடக்கூடாது."

நான் பலமாகத் தலையாட்டினேன். பெரியவர்கள் விஷயத்தில் என்னையும் ஒரு ஆளாகச் சேர்த்துக்கொண்டது அதுதான் முதல்முறை. நெஞ்சு நிமிர்ந்துவிட்டது எனக்கு.

மறுநாள் அம்மா டிராயரிலிருந்து பஸ் பாஸை எடுத்தாள். "பள்ளத்த எடுத்துரட்டும், அப்புறம் ஓட்டிட்டுப் போ" என்றார் அப்பா. நியாயமாகத்தான் பட்டது. டிங்கரிங் பட்டறைக்கு மூன்று பேருமே போனோம். பட்டறைக்காரர் பள்ளத்தைத் தடவிக்கொண்டே, "எவன் சார் இது? கை வெளங்காத பய" என்றார். "நான்தாண்ணே இடிச்சேன்" என்றாள் அம்மா, பளிச்சென்று. அவர் ஒரு நொடி பார்த்துவிட்டுச் சிரித்தார். "சும்மா சொல்லாதீங்கக்கா" என்றார். அப்பாவும் சேர்ந்து சிரித்தார். வண்டி திரும்பி வந்தபோது அந்த இடத்தில் எதுவுமே நடக்காத மாதிரி இருந்தது. அப்பா வெயிலில் வைத்துச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்து, "தெரியுதா பாரு, தெரியுதா பாரு" என்று குதூகலித்தார்.

பள்ளம் போய்விட்டது. பொய் போகவில்லை. சொல்லச் சொல்ல அது வளர்ந்தது. அப்பாவுக்குள் இப்படி ஒரு கதைசொல்லி இருந்தது அவருக்கே தெரியாது. வீட்டுக்கு வருகிறவர்களிடம் முதலில் 'எவனோ' என்றார். பிறகு அந்த எவனோ ஒரு லோடு வண்டிக்காரன் ஆனான். ஆடி மாதத்துக்குள் அவனுக்கு மீசை வந்தது. ஆவணியில் அப்பா அவனைச் செக்கானூரணி வரை துரத்திவிட்டார். ஹாரன் அடிக்கிற இடம் வந்தால் நான் வாயால் அடிப்பேன். அப்பா நிறுத்தி, எனக்கு இடம் விட்டுத்தான் மேலே போவார். கேட்டவர்கள் எல்லாரும் அவரவர் பங்குக்கு அந்த மீசைக்காரனுக்குச் சாபம் கொடுத்தார்கள். "அவன் வண்டி அச்சு முறிய" என்று ஒருவர். "அவன் நடுரோட்டுல நிக்க" என்று ஒருவர். அம்மா காபித் தட்டோடு வந்து, சாபத்தைக் கேட்டு, "சர்க்கரை போதுமா?" என்பாள்.

கடைசியில் அப்பாவே அவனை நம்ப ஆரம்பித்துவிட்டார். அம்மா ஒருநாள், "நாளைக்கு வண்டிய எடுத்துட்டுப் போகவா?" என்று கேட்டாள்.

"கொஞ்ச நாள் போகட்டுமே. ரோட்டுல எம்புட்டுக் கண்ணு தெரியாத பயலுக ஓட்டுறானுக. அன்னைக்குப் பாத்தேல்ல?"

அம்மா அவரை உற்றுப் பார்த்தாள். அவர் விளையாடவில்லை. உண்மையாகவே பயந்துதான் சொன்னார். கார் உறை போட்டபடி வாசலில் நின்றது. மழை வரட்டும், மழை விடட்டும், பொங்கல் முடியட்டும் என்று போய்க்கொண்டே இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அம்மாவோடு வேலை பார்க்கிற கணக்கு டீச்சர் வந்தார். பக்கத்துத் தெருவுக்குப் புதிதாகக் குடிவந்தவர். அப்பா கடைத்தெருவுக்குப் போயிருந்தார். கணக்கு டீச்சர் வாசலில் நின்ற காரைப் பார்த்துக்கொண்டே உள்ளே வந்தார்.

"ஏன் டீச்சர், இத வச்சுக்கிட்டா அந்தப் பஸ்ஸுல தொங்குறீங்க? ஓட்டத் தெரியுமா ஒங்களுக்கு?"

"தெரியும் டீச்சர்."

"நெசமாவா? அப்ப நாளையில இருந்து நாம ரெண்டு பேரும் இதுலயே போயிருவோம். பெட்ரோல்ல பாதி நான் போடுறேன். எனக்குக் கார்ல போனா போதும், யாரு ஓட்டுனாலும் கண்ண மூடிக்கிருவேன்."

அம்மா சிரித்தாள். அப்படி அவள் சிரித்து ரொம்ப நாள் ஆகியிருந்தது. "கண்ணெல்லாம் மூட வேணாம். நான் உசிலம்பட்டிக்கே ஓட்டிட்டுப் போயிருக்கேன்."

"சும்மா சொல்லாதீங்க. காதுகுத்துக்குத்தான? அன்னைக்கு எவனோ இடிச்சிட்டுப் போயி, சார் அவன வெரட்டிப் பிடிச்சாருன்னு ஒங்க எதிர்வீட்டுல சொன்னாங்களே. சார்தான ஓட்டுனாரு?"

"போகும்போது நான்தான் டீச்சர். வேணும்னா இவகிட்டயே கேளுங்க" என்று அம்மா என்னைக் கையைப் பிடித்து முன்னால் நிறுத்தினாள். "சொல்லுடி. அன்னைக்கு உசிலம்பட்டிக்கு வண்டிய யாரு ஓட்டுனா?"

இது எனக்கு வைக்கிற பரீட்சை என்று எனக்குப் புரிந்துபோயிற்று. யார் கேட்டாலும் மூச்சு விடக்கூடாது என்றால் அம்மாவே கேட்டாலும்தானே. என்னைச் சோதிக்கிறாள். நான் கொஞ்சமும் தடுமாறவில்லை.

"அப்பாதான்" என்றேன்.

கணக்கு டீச்சர் கைகொட்டிச் சிரித்தார். "ஒங்க புள்ளையே ஒங்களக் காட்டிக் குடுத்திருச்சே டீச்சர்!" என்றார்.

அம்மா என் கையை விட்டாள். காபி போட்டுக் கொடுத்தாள். வாசல் வரை கூடப் போய், "நாளைக்கு நீங்க முன்னாடி போனா பஸ்ஸுல எனக்கும் ஒரு சீட்டுப் போட்டு வைங்க டீச்சர்" என்றாள்.

அப்பா இல்லாத நேரத்தில் தனியாளாக நான் அம்மாவைக் காப்பாற்றிவிட்டேன் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன். அவள் கதவைச் சாத்திவிட்டு வந்து, மறுநாளைக்குத் திருத்திய நோட்டுகளைப் பையில் அடுக்கினாள். இதோ, இப்போது தட்டிக்கொடுப்பாள் என்று நான் அவள் பக்கத்திலேயே ரொம்ப நேரம் நின்றுகொண்டிருந்தேன்.