படிக்கட்டுத் திருப்பத்தில் நின்றவன்

போன மாதம் எங்கள் ஊர் வீதிக்கலைத் திருவிழாவுக்குப் போயிருந்தேன். போயிருந்தேன் என்று சொல்லிக்கொள்கிறேனே தவிர, என் அண்ணன் மகள்தான் இழுத்துக்கொண்டு போனாள். சில வருஷங்களாக இது நடக்கிறது. கடற்கரைச் சாலைக்குப் பின்னால் இருக்கிற பழைய சரக்குக் கிட்டங்கித் தெருக்களில், யாரும் திரும்பிப் பார்க்காத சுவர்களிலெல்லாம் வெளியூர்ப் பிள்ளைகள் ஏணி போட்டு ஏறிப் படம் வரைகிறார்கள். முத்துச்சிப்பி, முத்துக் குளிக்கிறவர், இரண்டு மாடி உயரத்துக்கு ஒரு பெண்ணின் முகம். முச்சந்தியில் பறையும் ஒயிலாட்டமும். கையில் மைக்கோடு ஒரு பெண் கூட்டத்தை அழைத்துப் போய், இது டச்சுக்காரர் காலத்தது, இது பருத்தி வியாபாரி கட்டியது என்று விளக்கிக்கொண்டே வந்தாள். நானும் தலையாட்டிக்கொண்டே நடந்தேன். இந்தத் தெருவில் வருஷக்கணக்கில் வேலை பார்த்தவள் நான். எது டச்சுக்காரர் காலத்தது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.

ஒரு சந்துக்குள் திரும்பினோம். சந்து முழுக்கக் குறுக்கே கயிறு கட்டிச் சட்டைகளைத் தொங்கவிட்டிருந்தார்கள். கடலுக்குப் போகிறவர்களின் வீடுகளில் பழைய சட்டைகளாகக் கேட்டு வாங்கி, கடல் தண்ணீரில் முக்கி, உப்பளத்து வெயிலில் காயவைத்ததாம். உப்பு ஏறி விறைத்துப்போன சட்டைகள். காற்று வந்தபோது அத்தனையும் சேர்ந்து கையை மெதுவாகத் தூக்கி இறக்கின. அண்ணன் மகள் செல்போனை எடுத்துப் படம் பிடிக்க ஓடினாள். நடுவில் பச்சைக் கட்டம் போட்ட சட்டை ஒன்று தொங்கியது. நான் அறிந்த சட்டை இல்லை அது. அந்தச் சட்டை கடலோடு போய் எத்தனையோ காலமாகிறது. ஆனாலும் கால் நகரவில்லை. வெயில் தாங்கவில்லை என்று பொய் சொல்லிவிட்டு ஓரமாகப் போய் உட்கார்ந்தேன். உட்கார்ந்த பிறகுதான் கவனித்தேன், எதிரே இருப்பது எங்கள் பழைய ஆபீஸ் கட்டிடம்.

அந்தக் கட்டிடத்துக்கென்று ஒரு வாசனை உண்டு. கீழே கிட்டங்கி. கப்பலேறப் போகும் நிலாவாரை இலை மூட்டை மூட்டையாகக் கிடக்கும். பச்சிலை வைத்தியர் வீட்டுக்குள் நுழைந்த மாதிரி ஒரு கசப்பு மூக்கில் ஏறும். அதோடு சுவரின் ஈரம். அந்தக் காலத்து வீடுகளுக்குக் கடலுக்குள்ளிருந்து வெட்டியெடுத்த முருகைக்கல்தான். கரைக்கு வந்து நூறு வருஷமானாலும் அந்தக் கல்லுக்குக் கடல் மறக்காது போலிருக்கிறது. மழைக்காலத்தில் சுவர் வியர்க்கும். விரலால் தொட்டு நாக்கில் வைத்தால் உப்புக் கரிக்கும். வைத்துப் பார்த்திருக்கிறேன், வேலை குறைவான நாட்களில் மனுஷர் எதையெல்லாமோ செய்வார்கள்.

நான் ஏரல்காரி. அப்பாவுக்கு அங்கே கருப்பட்டிக் கடை. டைப்ரைட்டிங் பாஸாகிவிட்டு, மாப்பிள்ளையூரணியில் பெரியம்மா வீட்டில் தங்கி, டவுன் பஸ் பிடித்து அந்த ஆபீஸுக்கு வந்துகொண்டிருந்தேன். தோணிகளுக்குச் சரக்குப் பிடித்துக் கொடுக்கிற கப்பல் ஏஜென்சி. தோணி என்றால் சின்னப் படகு என்று நினைத்துவிடாதீர்கள். மரத்தாலான பெரிய பாய்க்கப்பல். கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் போய்வரும். சேர்ந்த புதிதில் 'ஆனியன்' என்று அடிக்க வேண்டிய இடத்திலெல்லாம் 'யூனியன்' என்று அடித்து, மாலத்தீவுக்கு மூட்டை மூட்டையாகச் சங்கம் ஏற்றுமதி செய்தவள் நான். மேனேஜர் என்னை வீட்டுக்கு அனுப்பாமல் விட்டதற்குக் காரணம் எதிர் மேசை பிலோமி அக்கா. என் காகிதங்கள் அவர் மேசைக்குப் போகும் முன்னே வாங்கித் திருத்திவிடுவாள்.

பிலோமி அக்காவின் வீடு கோவில் பக்கத்துத் தெருவில். அவள் புருஷன் சவேரி அண்ணன் மாலத்தீவு போகிற தோணி ஒன்றில் ஆள். அக்காவே தைத்துக் கொடுத்த பச்சைக் கட்டம் போட்ட சட்டை ஒன்று அவருக்கு உண்டு. துணி போதாமல் பாக்கெட்டை மட்டும் மஞ்சள் துணியில் வைத்துத் தைத்திருந்தாள். ஊரெல்லாம் கேலி செய்தாலும் அவர் அதைத்தான் போடுவார்.

அதே தோணியில் சமையலுக்கு ஒருவன் இருந்தான். பெயர் சுடலை. தோணியில் சமைக்கிறவனைப் பண்டாரி என்பார்கள். ஏரலுக்கு ஆற்றுக்கு அக்கரையில் அவன் ஊர். அப்பா அம்மா கிடையாது, வளர்த்ததெல்லாம் அக்கா பேச்சிதான். தோணி கரை சேர்ந்த கையோடு எங்கள் ஆபீஸுக்குத்தான் வருவான். மரப்படியில் ஏறிவந்து பாதியில், படி திரும்புகிற இடத்தில் நின்றுவிடுவான். மேலே வரமாட்டான். "கால் ஈரம்க்கா" என்பான். மேனேஜர் ஒருமுறை தரையைப் பார்த்து முணுமுணுத்ததை அவன் மறக்கவே இல்லை. யாராவது எட்டிப் பார்க்கும் வரை அங்கேயே நிற்பான். பார்த்ததும், "ஊருக்கு ஒரு தாக்கல் சொல்லணும்க்கா" என்பான். தாக்கல் என்றால் எங்கள் பக்கம் சேதி. அவர்கள் தெருமுனைப் பலசரக்குக் கடையில் போன் இருந்தது. நான் கூப்பிட்டு, "அண்ணாச்சி, சுடலை கரைக்கு வந்துட்டான், அவன் அக்காட்டச் சொல்லுங்க" என்பேன். கடைக்கார அண்ணாச்சிக்கு என் அப்பாவையும் என்னையும் தெரியும். என் குரலும் பழக்கமாகிவிட்டது. எனக்கென்ன நஷ்டம், கம்பெனி போன்.

அது கார்த்திகை மாதம். வரவேண்டிய தோணி வரவில்லை. முதலில் காற்று சரியில்லை என்றார்கள். பிறகு யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பிலோமி அக்கா வழக்கம்போல வந்து, வழக்கம்போலக் காகிதம் திருத்தினாள். மத்தியானச் சாப்பாட்டை மட்டும் திறக்காமலே திரும்ப எடுத்துப் போனாள். மழை விடவில்லை. நான் சொல்லவரும் நாளுக்கு முந்தின நாளே ஆபீஸ் போன் செத்துவிட்டது. எடுத்துக் காதில் வைத்தால் மூச்சுகூட இல்லை.

அன்றைக்கு மத்தியானம் மேனேஜர் துறைமுகத்துக்குப் போயிருந்தார். மாடியில் நாங்கள் இரண்டு பேர்தான். அக்கா ஜன்னல் பக்கம் நின்றவள், குரலை உயர்த்தாமல் கூப்பிட்டாள்.

"ஏளா, அங்கன பாரு. வந்துட்டாவ."

எழுந்து போய்ப் பார்த்தேன். கடற்கரைப் பக்கமிருந்து தெருவில் ஒரு ஆள் மழைக்குள் நடந்து வந்துகொண்டிருந்தான். குனிந்த தலை. குடை இல்லை. பச்சைக் கட்டம் போட்ட சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. மஞ்சள் பாக்கெட்டை நானே பார்த்தேன். அவசரமில்லாமல் நடந்து எங்கள் வாசலுக்குள் நுழைந்தான். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். படியில் காலடி கேட்டது. மரப்படிக்கும் ஈரக்காலுக்கும் ஒரு சத்தம் உண்டல்லவா, அந்தச் சத்தம். பாதி ஏறியது. நின்றது.

காத்திருந்தோம். மேலே வரவில்லை. கீழேயும் போகவில்லை. கடைசியில் அக்காவே என் கையை விடாமல் கதவு வரை போய் எட்டிப் பார்த்தாள். படி காலியாக இருந்தது. திருப்பத்தில் தண்ணீர் தேங்கியிருந்தது. அந்த மழையில் எங்கேதான் தண்ணீர் இல்லை என்று பிறகு நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். கீழே மூட்டை தைத்துக்கொண்டிருந்தவர்களிடம் கேட்டோம். வாசலில்தான் உட்கார்ந்திருந்தார்கள், யாரும் வரவில்லை என்றார்கள்.

அக்கா திரும்ப வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். குருசு போட்டுக்கொண்டாள். "அவிய இனி வரமாட்டாவ" என்றாள். பிறகு, "யாருட்டயும் சொல்லாத" என்றாள். அழவில்லை. நான்தான் அழுதேன்.

அதற்குப் பிறகு வந்த நாட்களை எப்படிச் சொல்வது? பார்க்கிறவர்களெல்லாம் அவளுக்கு ஆறுதல் சொன்னார்கள். மாதா கைவிட மாட்டாள், வந்துவிடுவார் என்றார்கள். அவள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். கூடவே என்னை ஒருமுறை பார்ப்பாள். புருஷன் போய்விட்டான் என்று தெரிந்த ஒருத்தி, தெரியாத மாதிரி நடப்பதை எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பது பெரிய கொடுமை.

பிறகு கொல்லத்திலிருந்து தந்தி வந்தது. பாய்மரம் முறிந்து மிதந்த தோணியை வேறொரு கப்பல் இழுத்துவந்து சேர்த்திருக்கிறது. ஆட்கள் பத்திரம், ஒருவர் இல்லை. யார் அந்த ஒருவர் என்று தந்தியில் இல்லை. ஆபீஸில் எல்லோரும் அக்காவைச் சூழ்ந்துகொண்டு, அத்தனை பேரில் ஒருவர்தானே, தைரியமாக இரு என்றார்கள். எங்கள் இருவருக்கும் அது யாரென்று தெரியும்.

இரண்டொரு நாளில் ஒரு காலைப்பொழுது, படியில் காலடி கேட்டது. அக்கா பேனாவை வைத்துவிட்டு மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். காலடி திருப்பத்தில் நிற்கவில்லை. ஏறி வந்தது. கதவில் சவேரி அண்ணன் நின்றார், யாரோ கொடுத்த தொளதொள சட்டையோடு, தாடியோடு. உயிரோடு.

அக்கா எழுந்திருக்கவில்லை. வெகுநேரம் பார்த்தாள். பிறகு கேட்டாள்.

"அந்தக் கட்டம் போட்ட சட்டைய யாருக்குக் குடுத்தீய?"

அண்ணன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அதை அவர் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. "பண்டாரிப் பயலுக்குக் காய்ச்ச. குளுருல நடுங்குதான். நாந்தான் போட்டுவிட்டேன்" என்றார். விடியும் நேரத்தில் வந்த ஒரு அலை, அடுப்புப் பெட்டியோடு அவனையும் எடுத்துக்கொண்டு போய்விட்டதாம்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. படித் திருப்பத்தில் நின்றுவிடுகிறவன் சவேரி அண்ணன் அல்லவே.

பேச்சிக்குப் போனில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதற்குள் லைன் வந்திருந்தது. எண்ணைப் பாதி சுற்றிவிட்டு வைத்துவிட்டேன். நேரில் போய்ச் சொல்வது என்று மூன்று பேரும் ஞாயிற்றுக்கிழமை ஏரல் பஸ் ஏறினோம். ஆற்றுப்பாலம் தாண்டி அந்த ஊருக்குள் போய், முதலில் பலசரக்குக் கடையில் நின்றோம். அண்ணாச்சி என்னைப் பார்த்ததும் சிரித்தார்.

"நீ சொன்ன அன்னைக்கே அவகிட்டப் போய்ச் சொல்லிட்டேம்மா. பாவம், தெனமும் சோறாக்கி வச்சிட்டு உக்காந்திருக்கா. பயல இன்னும் காணோம்" என்றார்.

நான் எப்போது சொன்னேன் என்று கேட்டேன்.

"ஆத்துல வெள்ளம் ஏறுன அன்னைக்கு, மத்தியானம். சுடலை கரைக்கு வந்துட்டான், அவன் அக்காட்டச் சொல்லுங்கன்னு நீதான பேசுன? அதுக்கு மேல என்ன கேட்டாலும் பதில் இல்ல. ஒரே தண்ணி எரச்சலு."

ஆற்றில் வெள்ளம் ஏறிய நாள்தான் எங்களுக்கும் அந்த நாள், ஆபீஸ் போன் செத்துக் கிடந்த நாள். பிலோமி அக்கா என் முகத்தைப் பார்த்தாள். நான் அவள் முகத்தைப் பார்த்தேன்.

பேச்சி வாசலில் உட்கார்ந்து வாழை இலை நறுக்கிக்கொண்டிருந்தாள். என்னைவிடக் கொஞ்சம்தான் மூத்தவளாக இருப்பாள். சவேரி அண்ணன்தான் சொன்னார். சட்டை போட்டுவிட்டதிலிருந்து அலை வந்தது வரை எல்லாவற்றையும் சொன்னார். அவள் அரிவாளைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள். முடித்ததும், "கரைக்கு வந்துட்டான்னு தாக்கல் வந்துதே" என்றாள். பிறகு அவளே சொன்னாள்.

"தாக்கல் சொல்லாம ஒரு எடமும் போகமாட்டான் எந்தம்பி."

உள்ளே போய்ச் சோற்றுப் பானையை எடுத்துவந்து, நறுக்கிய இலையில் ஒன்றை விரித்து, சவேரி அண்ணனை உட்காரச் சொன்னாள். அவர் அழுதுகொண்டே சாப்பிட்டார். அக்கா அடுத்த இலையில் உட்கார்ந்தாள். நான் வாசலிலேயே நின்றேன். என் தொண்டையை நானே தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

சவேரி அண்ணன் அதன்பின் கடலுக்குப் போகவில்லை. ஐஸ் கம்பெனியில் சேர்ந்தார். ஒவ்வொரு கார்த்திகையிலும் அக்கா பேச்சியைப் போய்ப் பார்த்துவிட்டு வருவாள். என்னைக் கூப்பிட்டதில்லை. நான் வருகிறேன் என்று சொன்னதுமில்லை. ஆபீஸைப் புதுத் துறைமுகம் பக்கம் மாற்றியபோது என் டைப்ரைட்டரைக் காயலான் கடைக்குக் கொடுத்தார்கள். மரப்படியைப் பிரித்து விறகுக்கு விற்றுவிட்டார்கள். இப்போது வெளிப்பக்கமாக இரும்புப் படி. கடற்கரையில் காடு மாதிரி நின்ற பாய்மரங்களில் இன்றைக்கு மிச்சம் கொஞ்சம்தான். பேச்சியும் பிற்பாடு எங்கோ கூலிவேலைக்குப் போனாள் என்று கேள்வி. அந்தப் பலசரக்குக் கடை இருந்த இடம் பாலம் அகலப்படுத்தும்போது சாலைக்குள் போய்விட்டது.

பிலோமி அக்காவோடு அதைப் பற்றி ஒரே ஒரு முறைதான் பேசினேன். அவள் படுக்கையில் கிடந்த கடைசி நாட்களில் பார்க்கப் போயிருந்தபோது, கேட்காமல் இருக்க முடியவில்லை. "அக்கா, அன்னைக்கு நான் போன் பக்கம் போனேனா?" என்றேன். எந்த அன்றைக்கு என்று அவள் கேட்கவில்லை.

"நீ எங்கயும் போகலளா. ஒங்கையத்தான் நான் விடவே இல்லியே" என்றாள்.

அதுதான் எனக்கு இருந்த ஒரே சாட்சி. அவளைக் கல்லறையில் வைத்துவிட்டு வந்து சில வருஷம் ஆகிறது. வயதாக ஆக, மழை பெய்கிற சில மத்தியானங்களில், ரிசீவரைக் காதில் வைத்து அந்த வார்த்தைகளை நானே சொன்ன மாதிரியும் ஒரு ஞாபகம் வரத் தொடங்கியிருக்கிறது. இல்லை என்று சொல்ல, அந்த அறையில் இருந்த இன்னொரு ஆள் இப்போது இல்லை.