டேப் சுற்றிய சோறு

எங்கள் வீட்டு முன்அறையில் ஒரு பெண் குடியிருக்கிறாள். தூத்துக்குடிப் பக்கத்துப் பிள்ளை. ஓசூர் போகிற வழியில் ஒரு கம்பெனியில் வேலை. காலையில் பஸ் வந்து ஏற்றிக்கொண்டு போகும், சாயங்காலம் கொண்டுவந்து விடும். மேல் வேலைக்குப் பரீட்சை வைக்கிறார்களாம், அதற்கு இங்கிலீஷ் வேண்டுமாம். லீவு நாளில் வாசலில் உட்கார்ந்து சத்தம் போட்டுப் படிப்பாள். நான் மூணாங்கிளாஸ் தாண்டாதவள். பஸ் போர்டை எழுத்துக் கூட்டிப் படிப்பேன், அவ்வளவுதான். அதனால் எனக்கு ஒன்றும் குறைந்துபோய்விடவில்லை.

ஒருநாள் 'ஹர்ல், ஹர்ல்' என்று அதையே திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்தேன்.

"என்ன பாப்பா அது, தொண்டையில முள்ளு மாட்டுன மாதிரி?"

"பலமா தூக்கி எறியதுக்கு இங்கிலீஷ், பாட்டி. ஆளைப் பார்த்துக் கெட்ட வார்த்தை விடுதோம்லா, அதுக்கும் இதுதான். வாந்தி எடுக்கதுக்குக்கூடச் சொல்லுவாங்களாம்."

"மூணுக்கும் ஒண்ணேதானா? கருமம்."

எனக்கு அது ஆகவில்லை. எங்கள் பக்கம் ஒவ்வொன்றுக்கும் ஒரு சொல் உண்டு. மாங்காய் மேல் கல்லை விட்டெறிவார்கள். அழுகின பழத்தைக் கடாசுவார்கள். நாயை விரட்டக் குச்சியை வீசுவார்கள். வைக்கோல் போர் போடும்போது கட்டைத் தூக்கி மேலே எறிய வேண்டும். அது வேண்டாத பொருள் என்று எறிவதில்லை, மேலே நிற்கிறவன் பிடித்துக்கொள்வான் என்று எறிவது. பக்கத்து வீட்டுக் கன்னடக்காரி 'பிசாக்கு' என்பாள், எதிர்வீட்டுத் தெலுங்குக்காரர்கள் 'பாரேய்' என்பார்கள். காதில் விழும்போதே தெரியும், இனி அந்தப் பொருளை யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள் என்று.

ஆனால் எங்கள் ரோட்டில் இப்போது நடக்கிறதுக்கு இந்த மூன்று பாஷையிலும் சொல் கிடையாது. கார் கண்ணாடி இறங்கும். ஒரு கை மட்டும் வெளியே வரும். வளையல் போட்ட கையும் வரும், வாட்ச் கட்டின கையும் வரும். பாதி தின்ற பிரியாணிப் பொட்டலம், குழந்தையின் பீத்துணி, சாராய பாட்டில், எல்லாம் என் வேலியோரம் வந்து விழும். கண்ணாடி ஏறிவிடும். முகத்தை நான் பார்த்ததே இல்லை. காலையில் சாணி அள்ளுகிற கையால் அதையும் அள்ளுவேன். சாணி எனக்கு அருவருப்பாக இருந்ததில்லை. இது இருக்கிறது.

மாடு ஒன்றுதான் எனக்கு. மகன் பெங்களூரில் இருக்கிறான், வந்து எங்களோடு இரு என்பான். என் மாட்டுப் பாலில் என் உலை கொதிக்கிறது, நான் எதற்கு மருமகள் வீட்டு டிவிக்கு எதிரில் உட்கார்ந்திருக்க வேண்டும் என்பேன். மாடு ஆறு மாசச் சினை. கறவை ஓய்ந்துவிட்டது. அந்தக் கன்று பிறந்தால்தான் மறுபடியும் பால். இல்லாவிட்டால் மகன் சொல்கிற இடத்துக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான்.

சாயங்காலம் அவிழ்த்துவிட்டால் நேராக ரோட்டில் வேகத்தடைக்குப் பக்கத்தில் போய் நிற்கும். அங்கே கொஞ்சம் புல் உண்டு, அதற்குத்தான் போகிறது என்று விட்டுவிட்டேன். கன்னடக்காரி கிண்டல் செய்வாள்.

"ஏன் அவ்வா, உன் மாடும் கம்பெனியில சேர்ந்துடுச்சா? ஷிப்டு பஸ்ஸுக்குக் கரெக்டா போய் நிக்குதே."

"ஆமா, உன் புருஷனைவிட ஒழுங்கா வேலைக்குப் போகுது."

அவளே சிரித்துவிட்டாள்.

பிறகு ஒருநாள் மாடு தண்ணித் தொட்டியில் வாய் வைக்கவில்லை. அசை போடவில்லை. இடதுபக்க வயிறு மேளம் மாதிரி புடைத்துக்கொண்டது. தட்டினால் டம் டம் என்றது. மூங்கில் குழாயில் எண்ணெய் ஊற்றினேன், இஞ்சி தட்டிப் போட்டேன். எல்லாம் வாயோரம் ஒழுகிற்று. விடிந்ததும் மாட்டு டாக்டருக்கு ஆள் அனுப்பினேன். வந்தார், வயிற்றில் கையை வைத்து அழுத்திப் பார்த்தார், காதை வைத்துக் கேட்டார்.

"உள்ளே பிளாஸ்டிக் அடைச்சிருக்குது அவ்வா. அறுத்து எடுக்கணும். மாட்டைக் காப்பாத்திடலாம், கன்னுக்கு என்னால சொல்ல முடியாது."

"அறுக்கலைன்னா?"

"ரெண்டும் போயிடும்."

அன்றைக்கு அந்தப் பெண்ணுக்கு வாரலீவு. பக்கெட்டைப் பிடிக்கக் கூப்பிட்டேன், வந்தாள். மாட்டைப் புங்கமரத்தோடு சேர்த்துக் கட்டினோம். டாக்டர் முடியை வழித்து, மரத்துப்போக ஊசி போட்டு, நிற்கிற மாட்டின் விலாவை அறுத்தார். நான் தலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அது என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தது.

தோள்வரைக்கும் கையை விட்டு எடுத்து எடுத்துப் போட்டார். முதலில் வந்தது சடை மாதிரி முறுக்கிக்கொண்ட கவர். பிறகு கயிறு, சாக்கு நூல், மறுபடி கவர். பச்சையும் கறுப்புமாய் ஊறிப்போன கூழில் எல்லாம் ஒட்டிக்கொண்டு வந்தது. அந்த நாற்றத்தை நான் சொல்ல மாட்டேன். எத்தனையோ பிரசவம் பார்த்தவள் நான், முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டேன். பக்கெட் நிரம்பி, பழைய அண்டாவைக் கொண்டுவந்து வைத்தோம்.

கடைசியாக ஒரு உருண்டை வந்தது. ஒரு கவர், வாயைச் சுற்றி மஞ்சள் டேப். டாக்டர் அதைக் கத்தியால் கீறினார். உள்ளே சோறு. கறுத்துப்போய், நுரைத்துப்போய், ஆனால் சோறுதான். பருக்கை தெரிந்தது. மாடு விழுங்கின சோறு, மாட்டுக்குப் போய்ச் சேரவே இல்லை.

அந்தப் பெண் பக்கெட்டை விட்டுவிட்டு ஓடிப்போய் வேலியோரம் வாந்தி எடுத்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு வந்தவள் மாட்டைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை.

"பாட்டி, அது எங்க கம்பெனி டேப்பு."

"தெரிஞ்ச டேப்பா?"

"பஸ்ஸுல எல்லாரும் போடுவோம் பாட்டி. கேண்டீன்ல மிஞ்சுன சோறு. எங்க ஊர்ல மாட்டுக்கு ஒரு வாய் வைக்காம சாப்பிட மாட்டாங்க. இங்க பஸ்ஸை நிறுத்த மாட்டேங்கான். வேகத்தடையில மெதுவா போவும்லா, அப்போ போடுவோம். கீழ விழுந்தா சாம்பார் ஒழுகிரும்னுதான் டேப்பு சுத்துறது."

"மாட்டுக்குக் கை இருக்குதா பாப்பா, டேப்பைப் பிரிக்க?"

டாக்டர் தையல் போட்டுக்கொண்டே சொன்னார், "புண்ணியம் தேடறவங்க ஒரு நிமிஷம் இறங்கி வெச்சிருக்கலாம்." அவள் அழுதாள். எனக்கு அவள்மேல் இரக்கம் வரவில்லை. ரோட்டில் கை மட்டும் தெரிகிறவர்களுக்கு அன்றைக்குத்தான் ஒரு முகம் கிடைத்தது. அது என் வீட்டிலேயே தலை சீவிக்கொண்டிருந்த முகம்.

மறுநாள் அவள் பஸ்ஸில் எல்லாரிடமும் சொல்லியிருக்கிறாள். சிலர் உச்சுக் கொட்டினார்களாம். ஒருத்தி, 'உங்க பாட்டி மாட்டைக் கட்டிப் போட வேண்டியதுதானே' என்றாளாம். சாயங்காலம் வந்து இதைச் சொன்னாள்.

"இனிமே இங்க போட மாட்டாங்க பாட்டி. ஏரி வளைவுல போட்டுக்கிடுதாங்களாம்."

"ஏரி வளைவுல மேயறது என்ன, கல்லு மாடா?"

மாடு தேறியது. தீனி தின்றது, அசை போட்டது. கன்று மட்டும் தங்கவில்லை. தையல் ஆறுவதற்குள் ஒரு விடியற்காலையில் செத்துப் பிறந்தது. முடிகூடச் சரியாக முளைக்காத கன்று. கிடாரி. தாய் அதை நக்கிக்கொண்டே நின்றது. நான் சாக்கை எடுத்து மூடினேன்.

கன்னடக்காரியின் புருஷன் எட்டிப் பார்த்தான்.

"ஏரிக்கரையில தூக்கிப் போட்டுட்டு வந்துடறேன் அவ்வா. நாய் பார்த்துக்கும்."

"போடற வேலை இந்த வீட்டுல வேண்டாம். மண்வெட்டி இருந்தா குடு."

கொடுத்தான். கொல்லையில் புங்கமரத்துக்கு அந்தப் பக்கம் தோண்ட ஆரம்பித்தேன். அந்தப் பெண் கம்பெனிச் சட்டையோடு வந்து என் கையிலிருந்து மண்வெட்டியை வாங்கினாள். பஸ் வந்து ஹாரன் அடித்தது, போய்விட்டது. அவள் திரும்பவில்லை.

முதல் வெட்டில் ஒரு பால் கவர் வந்தது. அடுத்த வெட்டில் ஷாம்பூப் பாக்கெட்டு, ஒரு செருப்பு வார். காற்றிலும் மழையிலும் ரோட்டிலிருந்து வந்து மண்ணுக்குள் போனதெல்லாம் அடுக்கடுக்காக இருந்தது. இடம் மாற்றி வெட்டினாள், அங்கேயும் அதுதான். அவள் ஒவ்வொன்றாக உருவி எடுத்தாள். நான் அதை வாங்கி வேறொரு சாக்கில் திணித்தேன்.

"எவ்வளவு ஆழம் பாட்டி?"

"சுத்தமான மண்ணு வர்ற வரைக்கும்."

செம்மண் தெரியும்போது குழி அவள் இடுப்பளவுக்கு வந்திருந்தது. கன்றை நான் இறக்கிக் கொடுத்தேன். அவள் இரண்டு கையாலும் வாங்கி வைத்தாள்.