கறுப்பி விட்டுப்போன ரத்தம்

போன ஆடியில் எங்கள் கறுப்பி சோற்றைக் கண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பொழுது சாய்வதற்குள் எங்களோடு சேர்ந்து சாப்பிடும் நாய் அது. அன்று தயிர்ச்சோற்றை மோந்துகூடப் பார்க்கவில்லை. ஈறெல்லாம் வெளுத்திருந்தது. அவள் குட்டி சின்னுதான் ஒன்றும் புரியாமல் அவள் மேல் ஏறி விளையாடியது.

செஞ்சி கால்நடை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். டாக்டரம்மா ரத்தம் எடுத்து விழுப்புரம் லேபுக்கு அனுப்பினார். சாயங்காலம் பாதி ரிசல்ட் வந்தது. கல்லீரல், சிறுநீரகம் இரண்டும் நார்மல். பிழைத்துக்கொண்டாள் என்று தெருவெல்லாம் சொன்னேன். அந்தச் சந்தோஷத்தோடுதான் மேல்சித்தாமூர் ஜினாலயத்துக்குப் போனேன். பற்றற்ற தீர்த்தங்கரர் பகவானிடம் எதையும் கேட்கக்கூடாது என்று ஜைனர்களான நமக்குத் தெரியும். காவல் தெய்வமான பத்மாவதி அம்மனிடம் கேட்கலாமே. கறுப்பியை எனக்குத் திருப்பிக் கொடு தாயே என்று அழுதேன்.

விடிந்ததும் என் மடியிலேயே உயிரை விட்டாள். எனக்கு அம்மன் மேல் அப்படி ஒரு கோபம். விளக்குகூட ஏற்றவில்லை.

மதியம் டாக்டரம்மா போன் செய்தார். மீதி ரிசல்ட் வந்துவிட்டதாம்.

"இனிமே அது இன்னாத்துக்கு மேடம்?" என்றேன்.

"குட்டி இருக்குதுல்ல? உடனே தூக்கிட்டு வாங்க."

போனோம். "லிவர், கிட்னி நார்மல்னா அந்த ரெண்டும் நல்லா இருக்குது, அவ்ளோதாம்மா. நோவு ரத்தத்துல இருந்திருக்குது. டெங்குல கொறையுமே தட்டணு, அது ரொம்ப கொறஞ்சிருக்குது. கண்ணாடியில ரத்தத்தத் தடவிப் பார்த்தா கிருமி. உண்ணி கடிச்சி வந்தது. உண்ணிய எடுத்து இன்னா பண்ணுவீங்க?"

"வலிக்காம எடுத்து வேலியோரம் உட்ருவோம் மேடம். அதுவும் உசுருதானே" என்றார் என் வீட்டுக்காரர்.

வேலியோரம்தான் கறுப்பி தினமும் படுக்கும் இடம். நான் ஆஸ்பத்திரியிலேயே உட்கார்ந்து கதறிவிட்டேன்.

சின்னு ரத்தத்திலும் அதே கிருமி. ஆனால் இப்போதுதான் தொடக்கம், காப்பாற்றிவிடலாம் என்றார் டாக்டரம்மா. கிருமிக்கு ஒரு மருந்து, உண்ணியைக் கொல்ல ஒரு மாத்திரை. வீட்டுக்கு வந்ததும் இவர் தயங்கினார்.

"கொல்றது நம்ம வூட்டுல வேணாம் விஜயா."

"அப்ப சின்னுவையும் பொதச்சிட்டு வரலாமா?" என்று கத்தினேன்.

அவர் கை கூப்பி எல்லா உயிர்களிடமும் மன்னிப்புக் கேட்டார். பிறகு அவரே மாத்திரையைத் தயிர்ச்சோற்றில் பிசைந்து ஊட்டினார்.

மறுபடி ரத்தம் பார்த்தபோது தட்டணு ஏறியிருந்தது. கிருமி இல்லை. அன்றைக்குத்தான் திரும்ப விளக்கேற்றினேன்.

நான் கேட்டது தாயை. அம்மன் கொடுத்தது பிள்ளையை. கறுப்பியிடம் அன்று ரத்தம் எடுக்காமல் இருந்திருந்தால் சின்னுவுக்கும் ஒரு குழி தோண்டியிருப்போம். நன்றி சொல்லும்போதெல்லாம் அழுகையும் சேர்ந்தே வருகிறது.

உங்கள் வீட்டு வாயில்லா ஜீவனுக்கு முடியவில்லையென்றால் அம்மனை நம்பிக் கூப்பிடுங்கள். ரத்தமும் பாருங்கள். பாதி ரிசல்ட்டோடு மட்டும் எழுந்து வந்துவிடாதீர்கள்.

சின்னு இன்னமும் வேலியோரம் போய் மோந்து பார்க்கிறது. அம்மாவைத் தேடுகிறது.