கால் முளைத்த பொம்மை

சின்ன வயதில் எனக்குப் பெரியப்பாவைவிட அவர் செய்து நிறுத்திய சோளக்கொல்லைப் பொம்மையிடம்தான் பயம் அதிகம். ரங்கூனிலிருந்து பாலத்தைத் தாண்டினால் தன்லின் என்ற ஊரையொட்டி அவருடைய தோட்டம். கோயில் கமிட்டியா, தெருவிளக்கா, சாக்கடையா, எல்லாவற்றுக்கும் அவர்தான் முதல் ஆள். நெல்லை மட்டும் நம்பாதீர்கள், சோளமும் போடுங்கள் என்று சொல்லிச் சொல்லியே தொண்டை கட்டிக்கொண்டவர். விதையை இனாமாகக் கொடுத்துவிட்டு, விதைக்கும்வரை நச்சரிப்பார். பொம்மைக்குத் தன் பழைய கோட்டையும் லுங்கியையும் மாட்டி, த்வாண்டே ஊர் மண்பானையொன்றைத் தலையாகக் கவிழ்த்து, சுண்ணாம்பில் கண் வரைந்திருந்தார். காக்கைகள் அவர் பிரசங்கத்துக்குப் பயந்துதான் வருவதில்லை என்பாள் பெரியம்மா.

அந்த வருஷம் தொழிற்சாலைக்காகச் சுற்றுப்புற நிலங்களை எடுக்கச் சர்க்கார் ஆட்கள் வந்தார்கள். பெரியப்பா விவசாயிகளைத் திரட்டி, முடியாது என்றார். ஒரு மத்தியானம் ஜீப்பில் வந்து இறங்கிய சிலர், "சயாஜி எங்கே?" என்று பெரியப்பாவைப் பற்றி மரியாதையாகவே பர்மியத்தில் கேட்டார்கள். இன்சீன் போயிருக்கிறார் என்றாள் பெரியம்மா. அவர்கள் வீட்டைக் குடைந்து தேடினார்கள்.

நான் சோளத்துக்குள் ஓடினேன். பேய்க்குக் கால் கிடையாது என்று அம்மா சொல்லியிருந்தாள். கம்பில் தொங்கும் பொம்மைக்கும் கிடையாது. அன்று லுங்கிக்குக் கீழே கால்கள் இருந்தன. விரல்களின்மேல் சிவப்பெறும்புகள் ஊர்ந்தன. அருகில் வைக்கோல் சிதறிக் கிடந்தது. காற்றே இல்லை, கோட்டு மட்டும் மெல்ல ஏறி இறங்கியது. பானைக்குள் யாரோ மூச்சுவிட்டார்கள்.

"பெரிம்மா, பொம்மைக்குக் கால் மொளச்சிருக்கு! மூச்சு விடுது!" என்று கத்தியபடி வீட்டுக்கு ஓடினேன்.

எப்போதும் பர்மியமே பேசித் திரிந்த எனக்கு அன்று பயத்தில் தமிழ்தான் வந்தது. பிள்ளை என்ன சொல்கிறது என்றான் ஒருவன். பசிக்கிறதாம் என்று சிரித்தபடியே சொல்லி, பெரியம்மா என் வாயில் வெல்லக்கட்டியைத் திணித்தாள். அவள் கை ஜில்லென்றிருந்தது. இப்படிப் புளுகுகிறாளே என்று எனக்குக் கோபம். போகிற போக்கில் அவன் பொம்மையின் தலைக்குக் குறிவைத்துக் கல்லெறிந்தான். பானை விரிசல் விட்டது. பொம்மை அசையவில்லை.

பெரியப்பா அதன்பின் திரும்பவேயில்லை. எல்லையைத் தாண்டினாரா, வழியிலேயே பிடிபட்டாரா, இன்றுவரை தெரியாது.

மறுநாள் கொல்லையில் கம்பு மட்டும் நின்றது. பெரியம்மா அதைக் கட்டிக்கொண்டு சத்தம் வராமல் அழுதாள். ஒரு பொம்மை காணாமல் போனதற்கு இப்படியா அழுவார்கள்? எனக்கே பாவமாக இருந்தது. பெரியப்பா வந்ததும் புதிதாக ஒன்று செய்து தரச் சொல்கிறேன் என்று அவளைத் தேற்றினேன்.