பாப்பு உடைத்த முட்டை

பாப்பு, நீ போய்விட்டாயாம். போளூர் பஸ்ஸிலிருந்து இறங்கிய உன் தம்பி நேரே என் வீட்டு வாசலில் வந்து நின்று சொன்னார். சோறு வடித்துக்கொண்டிருந்தேன். கஞ்சி காலில் கொட்டியதுகூட அப்புறந்தான் தெரிந்தது.

ஊருக்கெல்லாம் அவள் விமலா. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குச் சாப்பாட்டு டீச்சர். ஒரே தெருவில் வளர்ந்த எனக்குப் பாப்பு. ஆரணியில் சத்துணவு வந்த வருஷம் அவள் அமைப்பாளர் ஆனாள். சமைக்க என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். புருஷனை இழந்து இரண்டு பெண்களோடு நின்றவளுக்கு அந்த வேலைதான் சோறு போட்டது. நான் அதிகம் படித்தவள் இல்லை. தெரிந்தமட்டும் சொல்கிறேன்.

ஆபீஸிலிருந்து வரும் காகிதத்தை எனக்குப் படித்துக் காட்டுவாள். எந்தக் கடையில் வாங்கவேண்டும், எது கெட்டிருந்தால் திருப்பவேண்டும், எல்லாம் அதில் இருக்கும். கத்தரிக்காயைக்கூட ஒவ்வொன்றாய்த் திருப்பிப் பார்த்துத்தான் எடுப்பாள். இந்த அம்மாவோடு ஒரே பேஜார் என்பார்கள் கடைக்காரர்கள். "என் வூட்டுக்குன்னா சொத்தைய அரிஞ்சி போட்டுட்டு ஆக்கிடுவேன். இது ஊரார் பிள்ளைங்க சோறு. அதுங்களுக்குக் கேக்கத் தெரியாது" என்பாள்.

சில வருஷம் கழித்து முட்டை போடச் சொல்லி உத்தரவு வந்தது. அவள் நயினார் வீட்டுப் பெண். ஜைனர்கள், முட்டை அவர்கள் வாசற்படி ஏறாது. வேறு யாரையாவது வாங்கச் சொல்லி எழுதிக் கொடுத்துவிடு என்றேன். "நான் பாக்கலன்னா கடைக்காரன் குடுக்கறதுதான் முட்டை" என்றாள். கையால் தொடமாட்டாள். அண்டாத் தண்ணீரில் நான் ஒவ்வொன்றாய் விடுவேன், அவள் பக்கத்தில் நின்று பார்ப்பாள். முங்கினால் நல்லது, மிதந்தால் கெட்டது.

ஒரு நாள் பாதிக்கு மேல் மிதந்தன. அத்தனையையும் திருப்பி அனுப்பினாள். பிள்ளைகள் தட்டோடு வரிசையில் உட்கார்ந்தாகிவிட்டது. கடைக்காரர் அதே கூடையோடு ஓர் அதிகாரியையும் அழைத்துக்கொண்டு வந்தார்.

"நயினார் வூட்டு அம்மா சார். முட்டைன்னாலே ஆவாது. அதான் அழுவல்னு கதை கட்டிகினு இருக்குது. கொஞ்சம் மிதந்தா கெட்டதா சார்?"

சாமி விஷயத்தைச் சர்க்கார் வேலையில் கலந்தால் வேலை போய்விடும் என்று அதிகாரி அவளிடம் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பினார். "நீதானம்மா ஆக்கறது? நீ சொல்லு. நல்லதா, கெட்டதா?"

அந்தக் கடைக்காரர் வீட்டில்தான் நாங்கள் வாடகைக்கு இருந்தோம். காலி செய் என்றால், மிச்ச நேரத்தில் நெய்வதற்கு வீட்டுக்குள் குழி தோண்டிப் போட்டிருந்த தறியைப் பெயர்த்துக்கொண்டு எங்கே போவது? தறியில் பட்டுச்சேலை பாதியில் நின்றது. நான் அடுப்பைப் பார்த்தேன். பாப்பு என்னைப் பார்த்தாள்.

"அப்பறம் என்ன? அவிச்சிப் போடுங்க" என்றார் அதிகாரி.

அவள் குனிந்து கூடையிலிருந்து ஒரு முட்டையை எடுத்தாள். அண்டா விளிம்பில் தட்டி உடைத்தாள். நாற்றம் கடைசிப் பிள்ளை வரைக்கும் போனது. அதிகாரி மூக்கைப் பொத்திக்கொண்டார். அவள் இன்னொன்றை எடுத்தாள். "போதும்மா, வெச்சிடுங்க" என்றார் கடைக்காரர். வேறு முட்டை வந்தது. பிள்ளைகள் நேரங்கழித்துச் சாப்பிட்டார்கள்.

சாம்பலும் புளியும் போட்டுக் கையைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். மூன்று நாள் உபவாசம் இருந்தாள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. மறுநாள் வழக்கம்போல, "அரிசி களைஞ்சிட்டியாடி?" என்றாள். அதன்பிறகும் எத்தனையோ வருஷம் ஒன்றாக வேலை செய்தோம். அந்தப் பேச்சை நானும் எடுக்கவில்லை.

இன்றைக்கு ரேஷன் கடையிலோ ஆஸ்பத்திரியிலோ யார் என்னைக் கேட்டாலும் கண்டதைக் கண்டபடி சொல்லிவிடுகிறேன். அவளால் எனக்கு வந்தது அது. வரவேண்டிய நாளில் வரவில்லை.

பாப்பு, அந்த முட்டைக்குக் குனிவதற்கு முன்னால், நான் சொல்லிவிடுவேன் என்று எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டு நின்றாய்?