டீல்மனின் வலது தோள்

வலது தோளில் கட்டைவிரலை வைத்து ஓர் அழுத்து அழுத்திப் பார்க்காமல் மருந்துக்கடைக்காரர் டீல்மன் எந்த வேட்டைக்காரருக்கும் களிம்பு கொடுப்பதில்லை. நாடி பிடிக்கும் வைத்தியரைப் போலக் கண்ணை மேலே செருகிக்கொண்டு, "முந்நூத்தி எட்டுத் தோட்டா. எடை கம்மியான துப்பாக்கி, மூணு கிலோகூட இருக்காது. நேத்து சாயங்காலம் சுட்டிருக்கே. சரியா?" என்பார். சரியாகத்தான் இருக்கும். தென்னாப்பிரிக்காவின் கரூ வறட்டு நிலத்தில் இருக்கும் இந்தச் சின்ன ஊரில் ஜூன் பிறந்து வேட்டை தொடங்கிவிட்டால் ஆண்களில் பாதிப் பேருக்குத் தோள் கன்றிப்போய்த்தான் கிடக்கும். இருமல் மருந்துக்கு வந்தவர்கள்தான் பாவம், அவர்களும் தோளைக் காட்ட வேண்டும்.

எந்த ரகத் தோட்டா சுட்டவர் தோளில் எப்படி உதைக்கும் என்பதற்கு அவரிடம் ஒரு பட்டியல் உண்டு. யாரும் கேட்க வேண்டியதில்லை, அவராகவே ஆரம்பிப்பார். "இருநூத்தி நாப்பத்திமூணா? கைக்குழந்தை தோள்ல சாஞ்சு ஏப்பம் விடுற மாதிரி. ஏழு மில்லி, கல்யாண வீட்ல தெரிஞ்சவன் முதுகுல தட்டுற மாதிரி. முந்நூத்தி எட்டு, மாமியார் கதவைச் சாத்துறப்ப நாம நடுவுல நின்ன மாதிரி." எல்லாவற்றிலும் பெரிதான முந்நூறு மேக்னத்துக்கு வந்ததும் குரல் தாழும். "அது என்னோடது. சத்தியமா ஒண்ணுமே தெரியாது. வெடிச்சுதான்னு பக்கத்துல இருக்கிறவன கேட்டுத்தான் தெரிஞ்சுக்குவேன்."

இந்த வீரத்துக்குப் பின்னால் ஒரு முட்டி இருக்கிறது. ஐம்பத்தெட்டு வயதில் அது மடங்க மறுத்ததும், குன்றேறத் தோதாக எடை குறைந்த துப்பாக்கி வேண்டும் என்று முடிவு செய்தார். நல்ல முடிவு. ஆனால் தோட்டா மட்டும் பெரிதாகவே இருக்க வேண்டும் என்று அடம்பிடித்தார். இல்லாவிட்டால் சனிக்கிழமை கறி சுடும் அடுப்பைச் சுற்றி நின்றுகொண்டு எதைப் பேசுவது? துப்பாக்கியின் எடை குறையக் குறைய உதை கூடும் என்று பள்ளிப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். முட்டியைக் கலந்தாலோசித்தார், கௌரவத்தைக் கலந்தாலோசித்தார், தோளிடம் மட்டும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அதன் பலனை அவர் மனைவி ரேட்டா அறிவாள். ஜூன் முழுக்க மனிதர் இடது பக்கமாகவே படுக்கிறார், சட்டை மாட்டும்போது சுவரைப் பார்த்து நிற்கிறார். சொந்தக் கடையில் களிம்பு எடுத்தால் உதவிக்கு இருக்கும் பெண் பார்த்துவிடுவாள் என்று, அறுபது கிலோமீட்டர் வண்டி ஓட்டிக்கொண்டு போய் அடுத்த ஊர் மருந்துக்கடையில் வாங்குகிறார். மாமனாருக்காம். மாமனார் காலமாகிப் பதினொரு வருடம் ஆகிறது.

இருபத்திரண்டு வருடமாக ஆல்டாவின் பண்ணையில்தான் அவருக்கு வேட்டை. வருடத்துக்கு ஒரே ஒரு கூடூ மான். ஆனால் மிச்ச நாளெல்லாம் அவர் இருமல் மருந்து ஊற்றிக்கொடுப்பது அந்த ஒரு வாரத்தை நம்பித்தான். போன வருடம் அவர் சுட்ட கூடூ விழவில்லை. பின்னங்காலில் குண்டுபட்டு முட்புதருக்குள் ஓடிவிட்டது. தடம் பார்க்கும் ஆப்போல்ஸ் இரண்டு நாள் பின்னாலேயே நடந்து, அதன் கதையை முடித்துவிட்டுத் திரும்பினார். டீல்மன் முதலில் காற்றைக் குறை சொன்னார். பிறகு துப்பாக்கிமேல் பொருத்திய தொலைநோக்கியை. கடைசியில் மானையே குறை சொன்னார், "அது நகந்துடுச்சு."

ஆல்டா வாக்குவாதத்துக்கு வரவில்லை. இந்த ஜூனில் ஒரு நிபந்தனை மட்டும் போட்டார். காட்டில் கால் வைக்குமுன் நூறு மீட்டர் தூரத்தில் தாளைச் சுட வேண்டும். மூன்று குண்டு, மூன்றும் சாப்பாட்டுத் தட்டளவு வட்டத்துக்குள். இல்லையென்றால் காபி குடித்துவிட்டு வீட்டுக்குப் போகலாம், இனி எந்த வருடமும் வர வேண்டாம்.

அணைக்கரையில் மேசை, மேசைமேல் மணல் மூட்டை. தோட்டாப் பெட்டியை வாங்கிக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்ட ஆல்டா ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார். முதல் குண்டு வட்டத்துக்கு ஒரு சாண் கீழே போயிற்று.

"காத்து" என்றார் டீல்மன்.

"இலைகூட ஆடலையே, ஐயா" என்றார் ஆப்போல்ஸ்.

இரண்டாவது தாளையே தொடவில்லை. மண்ணில் புழுதி கிளம்பியது.

"தொலைநோக்கி லூசாயிருக்கு, ஆல்டாக்கா. நேத்தே சந்தேகமா இருந்துச்சு."

"அப்படியா? தொலைநோக்கியா நீயான்னு பாத்துடலாம். இந்தா, கடைசி ஒண்ணு."

மருந்துச் சீட்டில் எறும்பு ஊர்ந்தது போன்ற எழுத்தையெல்லாம் படித்துவிடுகிற மனிதர், கைக்கு வந்த தோட்டாவைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. விசையை இழுத்தார். 'டக்' என்றது, அவ்வளவுதான். அதில் வெடிமருந்தே இல்லை, ஆல்டா முந்தின நாளே செய்துவைத்திருந்த வெற்றுத் தோட்டா. ஆனால் வெடிக்காத அந்த வெடிக்கு டீல்மனின் தோள் துள்ளிப் பின்வாங்கியது, கண் இறுக மூடிக்கொண்டது, குழல் மண்ணைப் பார்த்துக் கும்பிடு போட்டது. போதாக்குறைக்கு வாய் வேறு பழக்கதோஷத்தில், "பாத்தீங்களா, ஒண்ணுமே தெரியல!" என்றது.

யாரும் சிரிக்கவில்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

"எப்படித் தெரியும்? வெடிக்கவே இல்லியே" என்றார் ஆல்டா. "அடி விழறதுக்கு முன்னாடியே அழுதுடுறே, டீல்மன். போன வருஷமும் இதேதான். வலிக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லித் தொலைச்சிருந்தா என்ன குறைஞ்சு போயிருக்கும்?"

"அக்கா, அது வந்து..."

"மூணு கால்ல நடந்துச்சு, ஐயா" என்றார் ஆப்போல்ஸ். குரலில் கோபம் இல்லை. "விழும், எந்திரிக்கும். என்னைப் பாத்ததும் மறுபடி எந்திரிக்கும். ரெண்டு நாளு."

டீல்மனுக்கு முகம் செத்துவிட்டது. வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிட, விழுந்து விழுந்து எழுந்த அந்த மானை நினைப்பதுதான் கஷ்டமாக இருந்தது. களிம்பு வாங்கப் போன அறுபது கிலோமீட்டரும் நினைவுக்கு வந்து, தன்மேலேயே எரிச்சல் பொங்கியது.

ஆல்டா தன் பழைய ஏழு மில்லி துப்பாக்கியைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். கனத்த மரக்கட்டை, தேய்ந்த தோல்வார். "இதுல மூணு சுடு. இதுவும் ஆகலேன்னா காபி ஆறிடும், கிளம்பு."

அந்தத் துப்பாக்கிக்கு 'தாலாட்டு' என்று பெயர் வைத்தவரே டீல்மன்தான். அதைத் தொட்டால் சனிக்கிழமைக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். தன்னுடைய முந்நூறைப் பார்த்தார். அதை மெல்ல எடுத்துப் பக்கத்தில் புல்மேல் கிடத்திவிட்டு, ஏழு மில்லியைத் தோளில் சேர்த்தார். முதல் தோட்டா வெடித்தது. கண் மூடவில்லை. வட்டத்துக்குள் பளிச்சென்று ஒரு துளை விழுந்ததைத் தொலைநோக்கி வழியே அவரே பார்த்தார். தான் சுட்டது போய்ப் படுவதை எத்தனையோ வருடத்துக்குப் பிறகு இன்றைக்குத்தான் பார்க்கிறார்.

"உதை எப்படி, ஐயா?" என்று கேட்டார் ஆப்போல்ஸ்.

டீல்மன் தாளிலிருந்து கண்ணை எடுக்காமலே, அடுத்த தோட்டாவுக்காக ஆல்டாவின் பக்கம் உள்ளங்கையை நீட்டினார்.